அது அவுங்க வீட்டு மழை, சார்

2025 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை போன் செய்தார். "ஆண்டு விழா வச்சிருக்கோம் சார். ஆண்டறிக்கையில சாதனைப் பட்டியலை மட்டும் நீங்க எழுதிக் குடுத்துருங்க. இந்த வருசத்துது ஒரு பக்கம், பழசுல முக்கியமானது ஒரு பக்கம். அது போதும்." நான் அந்தப் பள்ளியில் படித்தவன். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுகட்டமைப்பு செய்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். அப்படி உள்ளே போனவன். வங்கியில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் என்பதால் பட்டியல், பதிவேடு என்று எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கும் அது பிடித்த வேலைதான். அன்றைக்கே போய், வகுப்பாசிரியர்கள் எழுதி வைத்திருந்த துண்டுச் சீட்டுகளையும் சான்றிதழ் நகல்களையும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

கோடு போட்ட தாளில் ஆறு கட்டங்கள்: வரிசை எண், மாணவர் பெயர், வகுப்பு, போட்டி, நிலை, இடம். 'நிலை' என்றால் குறுவட்டமா, வட்டாரமா, மாவட்டமா, மாநிலமா என்பது. 'இடம்' என்றால் முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா என்பது. இந்த வருடத்துப் பக்கம் மளமளவென்று நிறைந்தது. முந்தைய கல்வியாண்டில் என்.எம்.எம்.எஸ். என்கிற, எட்டாம் வகுப்பில் எழுதுகிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறிய இரண்டு பிள்ளைகள் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 பேருக்குத்தான் அந்த உதவித்தொகை. மாதம் 1,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை, ஆக மொத்தம் 48,000 ரூபாய். அவர்களில் ஒருத்தியின் அம்மா விடிவதற்கு முன்பே கீரமங்கலம் பக்கம் மல்லிகை எடுக்கப் போகிறவர். அந்த வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி என்று இரண்டு தாளுக்கும் கணக்கு ஆசிரியர் ஐந்து மாதம் மாலையில் இருட்டும் வரை உட்கார்ந்து பழக்கியிருக்கிறார். குறுவட்டக் கபடியில் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பையன்கள் இரண்டாம் இடம். கலைத் திருவிழாவில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் களிமண் சிற்பத்தில் வட்டார அளவில் முதலிடம். அவன் செய்தது ஒரு மண்குதிரை. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோவிலில் 33 அடி உயரக் குதிரையை வருடா வருடம் மாசிமகத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு என்ன செய்வான்? அந்தக் குதிரையின் காதுகளை அவன் முன்பக்கமாகச் சற்றே மடித்து வைத்திருந்தான். ஏதோ சத்தம் கேட்டு நிற்கிற குதிரை அது. ஆனால் பட்டியலில் காதுக்குக் கட்டம் கிடையாது. 'களிமண் சிற்பம், வட்டாரம், முதலிடம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

இரண்டாவது பக்கத்தில்தான் பேனா நின்றுவிட்டது. பழையவற்றில் முக்கியமானது. தலைமையாசிரியை அறையில் கண்ணாடி அலமாரி நிறையக் கோப்பைகள் இருக்கின்றன. வருடம் இருக்கிறது, போட்டியின் பெயர் இருக்கிறது. வாங்கிய பிள்ளைகளின் பெயர் ஒன்றில்கூட இல்லை. பத்தாம் வகுப்பில் 500க்கு இத்தனை எடுத்து முதலிடம் என்று பெயர்ப்பலகை ஒன்று வராந்தாவில் தொங்குகிறது. அதில் பெயர்கள் உண்டு. அதைப் பார்த்து எழுதலாம். எழுதவும் செய்தேன். ஆனால் பழையதில் முக்கியமானது என்றதுமே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கோப்பையும் இல்லை, பலகையும் இல்லை. என் வீட்டு பீரோவில், நிலப்பத்திரங்களுக்கு அடியில் இருக்கிற 80 பக்க நோட்டு ஒன்று. அந்த நோட்டு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது. என்னிடம் இருக்கக் கூடாத நோட்டு.

ஐந்து பாட்டில்கள்

2015இல் நடந்தது. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டின் மாவட்டப் போட்டிக்கு நான் நடுவர்களில் ஒருவன். 1993 முதல் நடந்துவரும் மாநாடு அது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் அதை எடுத்து நடத்துகிறது. அறிவொளிக் காலத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அந்த நாட்களில், இயக்கத்துக்கு வந்தவர்களில் பலர் என்னைப் போலவே இன்னும் இந்த மாதிரி வேலைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வருடம் தலைப்பு, தட்பவெப்பத்தையும் காலநிலையையும் புரிந்துகொள்வது. பிள்ளைகள் தங்கள் ஊரிலேயே ஒரு கேள்வியை எடுத்து, சில மாதம் தாங்களே அளந்து, எழுதி, எட்டு நிமிடத்தில் வந்து சொல்ல வேண்டும். செய்துகாட்டும் மாதிரி எதுவும் கிடையாது, ஆய்வு மட்டும்தான்.

எங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். நான் படித்த பள்ளி என்பதை மற்ற நடுவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். சலுகை காட்டிவிடக் கூடாது என்ற எண்ணம் அன்று காலையிலிருந்தே மனதில் இறுக்கமாக இருந்தது. அதுவும் சேர்ந்துதான் நான் அப்படி நடந்துகொண்டேன் என்று இப்போது படுகிறது. அவர்களுடைய கேள்வி மிகவும் எளியது: நம் ஊரில் எல்லா இடத்திலும் ஒரே அளவு மழைதான் பெய்கிறதா? இரண்டு லிட்டர் கலர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி உள்ளே செருகி, அடியில் வளைவு மறையும் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைச் சுழியம் என்று வைத்து, பக்கத்தில் ஸ்கேலை ஒட்டியிருந்தார்கள். ஐந்து பேர் வீட்டு வாசலிலும் ஐந்து பாட்டில்கள். கண்மாய்க் கரையில் ஒன்று, மாரியம்மன் கோவில் தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்று, மேற்கே தைலமரக் காட்டை ஒட்டி ஒன்று. செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 31 வரை 61 நாள், தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்திருந்தார்கள். வானிலை ஆய்வுத் துறை அளக்கிற அதே நேரம். அறிவியல் ஆசிரியை அதை மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாராம், மற்றதெல்லாம் பிள்ளைகளே.

பேப்பரில் மழைமானி இருக்கிற ஊருக்கு ஒரு எண் போடுவார்கள், ஆலங்குடி இத்தனை மில்லிமீட்டர் என்று. அது ஒரே ஒரு மழைமானியின் கணக்கு. எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறப்பதற்கு முன் பெய்கிற சாயங்கால மழையை அந்த ஒரு எண்ணில் அடக்கவே முடியாது. மாட்டுக்கு ஒரு கொம்பு நனையும், மறுகொம்பு காயும் என்பார்கள். சம்சாரிகள் மழையை உழவுக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு உழவு மழை, இரண்டு உழவு மழை என்று. அவரவர் கொல்லையில் மண் எவ்வளவு ஆழம் நனைந்ததோ அதுதான் அவரவர் மழை. இந்தப் பிள்ளைகள் செய்தது அதைத்தான். மில்லிமீட்டரில் செய்தார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டர் சொச்சம். ஊரின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 17 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்த ஒரு நாளை அவர்கள் பிடித்திருந்தார்கள். கண்மாய்க் கரையில் 24, தைலமரக் காட்டோரம் 7. அவ்வளவு பெரிய விஷயத்தைச் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடிட்டு, பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி எடுத்து வந்திருந்தார்கள்.

நான் பார்த்தது அதையல்ல. ஐந்து பாட்டில், 61 நாள், 305 கட்டம். அதில் மூன்று கட்டம் காலியாக இருந்தது. என் கண் நேராக அங்கே போய் நின்றது. வங்கி வேலையில் பேரேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக முடியாது. முப்பது வருடப் பழக்கம். காலிக் கட்டம் என்றால் எனக்குத் தப்பு என்றுதான் அர்த்தம்.

"செப்டம்பர் 12, காலனி வீட்டுல ஏன் ஒண்ணும் போடல?" என்று கேட்டேன். எடுத்துச் சொன்ன பெண் அந்த வீட்டுப் பிள்ளைதான். ஒல்லியாக, இரட்டைச் சடை போட்டு, கையில் குச்சியை வைத்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கு ஆடு பாட்டிலத் தட்டிவிட்டுருச்சு சார்" என்றாள். "சரி, கோவில் தெரு வீடு பக்கத்துலதான இருக்கு? அங்க 18னு போட்ருக்கீங்க. அதையே இங்கயும் போட்ருக்கலாமே, பெரிய வித்தியாசம் வந்துருக்காதே" என்றேன். உதவி செய்கிற குரலில்தான் கேட்டேன். அவள் கொஞ்சம் விழித்தாள். நான் சொன்னது அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அது அவுங்க வீட்டு மழை, சார்."

பக்கத்தில் இருந்த நடுவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலியாக இல்லை, பிள்ளை பேச்சு என்று. கடைசியில் "இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தீங்க?" என்று கேட்டதற்கு, "ஒரே ஊர்ல மழை வேற வேற அளவுல பெய்யுது. ஏன்னு எங்களுக்குத் தெரியல" என்றாள். தரவு சேகரிப்பில் முழுமை இல்லை, முடிவு தெளிவாக இல்லை என்று எழுதி, அந்தத் தலைப்பில் பத்துக்கு நாலு போட்டேன். அடுத்து வந்த குழு ஒரு தனியார் பள்ளி. வண்ண அச்சில் பெரிய பதாகை, மடிக்கணினியில் வரைபடம், ஒரு கட்டம் காலி இல்லாத அட்டவணை. அவர்கள் அளந்தார்களா இல்லையா என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. தெரியாததற்குக் காரணம், நான் அவர்களிடம் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கட்டங்கள் நிறைந்திருந்தன. அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பங்கேற்புச் சான்றிதழோடு கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் அவர்களுடைய பதிவு நோட்டு நடுவர் மேசையிலேயே தங்கிவிட்டது. ஊருக்குப் போகும்போது கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்தேன். கொடுக்கவில்லை.

கஜாவுக்குப் பிறகு

மூன்று வருடம் அந்த நோட்டு என் நினைவில்கூட இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி, தஞ்சாவூர், திருவாரூர், புதுக்கோட்டை என்று எங்கள் மேலே வந்து ஏறியது. விடிந்து பார்த்தால் ஊர் வெளிச்சமாக இருந்தது. வானம் அவ்வளவு பெரிதாகத் தெரிந்ததே இல்லை, மறைக்க மரம் இல்லை. எங்கள் தோப்பு சின்னது. அப்பா வைத்த தென்னை 46. அவற்றுக்குள் நடந்து போகவே முடியவில்லை, குறுக்கும் நெடுக்குமாக விழுந்து கிடந்தன.

அப்புறம் கணக்கெடுக்க ஆள் வந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 என்று அறிவித்திருந்தார்கள். வந்தவர் இளைஞர்தான். அன்று காலையிலிருந்து இருபது தோப்பாவது பார்த்திருப்பார். முழங்கால் வரை சேறு, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வரப்பிலேயே நின்றுகொண்டு பக்கத்துத் தோப்பைக் காட்டி, "அங்க பாதிக்குப் பாதி நிக்குது. உங்களுக்கும் பாதி போட்டுக்கிறேன் ஐயா, 23" என்று எழுதப் போனார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "அது அவன் தோப்புய்யா!" என்று கத்தினேன். "என் தோப்புக்குள்ள வந்து எண்ணு!"

சொன்ன பிறகு என் குரலே எனக்குக் கேட்டது. அந்த இளைஞர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, விழுந்த மரங்களின் மேல் ஏறி ஏறி எண்ணினார். 31. நானும் கூடவே எண்ணினேன். எண்ணும்போது என் மனதில் மரமே இல்லை. குச்சியைப் பிடித்துக்கொண்டு இரட்டைச் சடையோடு ஒரு பெண் நிற்கிறாள். நான் பெரிய மனுசனாக உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டு மழையை எடுத்து உன் வீட்டில் போட்டுக்கொள் என்று அவளுக்குச் சொல்லித் தருகிறேன். அவள் முடியாது என்கிறாள். நான் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன். எனக்கு நடந்தால் அது அநியாயம், என் கையால் நடந்தால் அது மதிப்பீடு. எட்டு மரம்தான் வித்தியாசம், பணத்தில் பார்த்தால் 8,800 ரூபாய். ஆனால் எனக்கு வந்த கோபம் பணத்துக்காக வந்ததல்ல என்பது எனக்குத் தெரியும். என் மரம் விழுந்ததை, வந்து பார்க்காமலே ஒருவர் தீர்மானிக்கிறார் என்பதுதான் பொறுக்கவில்லை. அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது வாசலில் இருந்த கலர் பாட்டிலிலேயே தெரிந்திருந்தது.

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அன்று ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு அந்த நோட்டைத் தேடி எடுத்தேன். ஓடு பறந்த அறையில் பாதிப் புத்தகங்கள் கூழாகியிருந்தன; இது பீரோவுக்குள் இருந்ததால் ஓரம் மட்டும் ஊறியிருந்தது. முதல் தடவையாக அதை முழுக்கப் படித்தேன். போட்டியன்று நான் அட்டவணையைத்தான் பார்த்தேன், நோட்டைப் புரட்டவே இல்லை. ஐந்து வகைக் கையெழுத்து. ஒரு பையன் 8-ஐ இரண்டு வட்டமாகப் போட்டு ஒட்டவைக்கிறான். ஒருத்தி ஒவ்வொரு நாளும் 'மழை இல்லை' என்று முழுதாக எழுதுகிறாள், சுழியம் போட்டால் போதும் என்று யாரும் சொல்லவில்லை போல. காலிக் கட்டங்களுக்கு நேரே ஓரத்தில் சின்ன எழுத்தில் காரணம் இருந்தது. செப்டம்பர் 12: 'ஆடு தட்டிவிட்டது. அளக்கவில்லை.' செப்டம்பர் 27: 'தாத்தா காரியம். அளக்கவில்லை.' அக்டோபர் 19: 'தம்பி கொட்டிவிட்டான். அளக்கவில்லை.' மூன்றிலும் கடைசி வார்த்தை ஒன்றேதான். இன்னொன்றும் பார்த்தேன். செப்டம்பர் 13ஆம் தேதி காலனி வீட்டுப் பாட்டிலைச் சுற்றி நான்கு செங்கல் வைத்த மாதிரி சின்னப் படம் ஒன்று வரைந்திருந்தார்கள், மேலே இருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. பக்கத்தில் 'இனி ஆடு தட்டாது' என்று எழுதியிருந்தது. ஆய்வுமுறையில் வந்த குறையைக் கண்டுபிடித்துத் திருத்தி, திருத்திய தேதியையும் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்குமேல் ஒரு அறிவியல் ஆய்வில் என்ன வேண்டும்?

கட்டமும் காரணமும்

அந்த ராத்திரிக்குப் பிறகு நடுவராகப் போகிற இடங்களில் நான் கேட்கிற முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். "அளக்க முடியாமப் போன நாள் எது?" என்றுதான் ஆரம்பிக்கிறேன். சில பிள்ளைகள் உடனே ஆசிரியரைத் திரும்பிப் பார்ப்பார்கள். "எல்லா நாளும் அளந்தோம் சார்" என்று ஒப்பிக்கிற குரலில் சொல்வார்கள். உண்மையிலேயே அளந்த பிள்ளைகளின் முகம் வேறு மாதிரி மாறும். அதுவரை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "அன்னைக்கு நீதான வரல?" என்பான் ஒருவன். "எங்க வீட்ல ஒரம்பரை வந்துருச்சுடா" என்பான் இன்னொருவன். அதோடு பயம் போய்விடும். பிறகு அவர்கள் பேசுவதை நிறுத்த முடியாது. கிணற்றில் கயிறு விட்டு அளந்தபோது கயிறு அறுந்தது, குளவி கொட்டியது, டீக்கடைக்காரர் துரத்தியது எல்லாம் வரும். அதில்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

பள்ளிக்கூடங்களில் சாதனையை நாம் எப்படிப் பதிவு செய்கிறோம் என்பதை கஜாவுக்குப் பிறகு இத்தனை வருடமாக யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை அரசு நிறுத்தியது. நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிளெக்ஸ் பேனர் நிற்கவில்லை. மே மாதம் எங்கள் கடைவீதியில் நடந்தால் 500க்கு 480, 485 என்று பிள்ளைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த மதிப்பெண்ணும் பிள்ளைகள் ராத்திரி கண்விழித்து எடுத்ததுதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: பள்ளியில் பிள்ளை செய்த வேலை எங்கே போகிறது? பரிசு இருக்கிறது, சான்றிதழ் இருக்கிறது, பட்டியலில் வரி இருக்கிறது. வேலை இல்லை. ஆய்வு நோட்டுகள் வருடக் கடைசியில் பழைய பேப்பர்க்காரருக்குப் போகின்றன. களிமண் குதிரை வட்டாரப் போட்டி முடிந்ததும் அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு வரப்பட்டது. அடுத்த மழையில் கரைந்திருக்கும். புதுக்கோட்டையில் அறிவொளி நடந்த 1991, 1992 காலத்தில் எத்தனை ஆயிரம் பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்று அப்போது மேடைக்கு மேடை எண் சொன்னோம். அந்த எண் இன்று எனக்கே நினைவில்லை. பெண்கள் வரப்பிலும் ரோட்டிலும் சைக்கிளோடு விழுந்து எழுந்து ஓட்டப் பழகியது நினைவிருக்கிறது. அது எந்தப் படிவத்திலும் தனிக் கட்டமாக இல்லை.

இப்போது 2022 முதல் வானவில் மன்றம் என்று அறிவியல், கணக்கு செயல்பாடுகளுக்காகவே வகுப்புக்கு ஆட்கள் வருகிறார்கள். இலக்கிய மன்றம், பசுமைப் படை, இளஞ்செஞ்சிலுவை எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் செய்வதற்குக் குறைவே இல்லை. செய்ததை அவர்களுடைய கையெழுத்திலேயே வைத்திருக்க ஒரு அலமாரி போதும். கோப்பை அலமாரிக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். அடுத்த வருடம் எட்டாம் வகுப்புக்கு வருகிற பிள்ளை போன வருடத்துப் பிள்ளை எங்கே தடுமாறியது என்று எடுத்துப் பார்க்கட்டும். பாட்டிலைச் சுற்றிச் செங்கல் வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வருடமும் ஒரு ஆடு வந்துதான் சொல்லித் தர வேண்டுமா?

இரண்டாவது பக்கம்

சரி, பட்டியலுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயரைப் போடுவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும். தேடிப் பிடித்து நம்பர் வாங்கினேன். திருப்பூரில் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. நான் யார் என்று சொன்னதும் அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. மழை பாட்டில் என்றதும் சிரித்தாள். நோட்டு என்னிடமே இருந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் பரவால்ல சார்" என்றாள். அன்றைக்கு நீ இப்படி ஒரு பதில் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "இல்லையே சார். அன்னைக்கு மத்தியானம் எலுமிச்சை சோறு குடுத்தாங்க, நல்லா இருந்துச்சு. அதான் ஞாபகம் இருக்கு." நான் உனக்கு மதிப்பெண் குறைத்துப் போட்டேன் என்று சொல்ல வந்தேன். குழந்தை அழ ஆரம்பித்தது. போனை வைக்கும் முன் அவளே சொன்னாள்: "பேரு போட்டீங்கன்னா அஞ்சு பேரு பேரையும் போட்ருங்க சார். எல்லாரும்தான் அளந்தோம்."

தாளில் எழுதினேன். மாணவர் பெயர்: ஐந்து பெயர்கள். வகுப்பு: எட்டு. போட்டி: குழந்தைகள் அறிவியல் மாநாடு, 2015. நிலை: மாவட்டம். இடம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. அதைக் காலியாகவே விட்டேன். ஓரத்தில் சின்ன எழுத்தில் குறிப்பு எழுதினேன். தலைமையாசிரியை படித்துப் பார்த்தார். "இதைப் படிக்கவா சார் மேடையில?" என்றார். "படிங்க மேடம்" என்றேன். நோட்டையும் அவரிடமே கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டே புரட்டினார். பிறகு கோப்பை அலமாரியைத் திறந்து, ஒரு கபடிக் கோப்பையை நகர்த்திவிட்டு, அட்டை வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைத்தார்.

ஆண்டு விழா சாயங்காலம் ஆரம்பித்து ஏழரை மணிக்குத்தான் ஆண்டறிக்கைக்கு வந்தார்கள். கூட்டம் பிள்ளைகளின் ஆட்டத்துக்காகக் காத்திருந்தது. அறிக்கையை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. உதவித்தொகைப் பெயர்களுக்குக் கைதட்டல் வந்தது, கபடிக்கு விசில் வந்தது. களிமண் குதிரைக்கு நேராக அதன் காதைப் பற்றி ஒரு வரி சேர்த்திருந்தேன். அதைப் படித்தபோது அந்தப் பையன் தன் காதைத் தொட்டுக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு தலைமையாசிரியை இரண்டாவது பக்கத்துக்கு வந்தார். "ஐந்து வீடுகளில் 61 நாள் மழை அளந்தார்கள். மொத்தம் 302 பதிவுகள். அளக்காதது மூன்று. அதில் ஒன்று, காலனி வீட்டில், ஆடு பாட்டிலைத் தட்டிவிட்டதால்" என்று மைக்கில் படித்தார்.

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பாட்டியின் குரல் உரக்கக் கேட்டது. "அது எங்க ஆடுதான்."